தடித்த புத்தகத்தை வைத்து ஜாவாஸ்கிரிப்ட் கற்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

வலைப்பக்கங்களை இயக்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் கற்க ஆயிரம் பக்கப் புத்தகம் எதற்கு, யூடியூபில் நாலு வீடியோ பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பட்டனை அழுத்தினால் நிறம் மாற வேண்டும் என்ற அளவுக்குப் போதும்தான். ஆனால் எழுதிய நிரல் எதிர்பாராத விடையைத் தரும்போது வீடியோவில் எந்த நிமிடத்துக்குப் போய்த் தேடுவது? ஓசூரிலோ பெங்களூரிலோ நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர், "ஏன் இப்படி வருது?" என்று கேட்டால் அதற்கான பதில் பெரும்பாலும் இந்தத் தடித்த புத்தகங்களில்தான் இருக்கிறது.

அரூரிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருபவர், வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப்பைத் தம்பியோடு பங்கு போட்டுக்கொள்பவர், நெட் சில நேரம் கிடைத்துச் சில நேரம் கிடைக்காதவர். இப்படி ஒருவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கரண்ட் போனாலும் திறக்கும் என்பதே அவருக்குப் புத்தகத்தின் முதல் வசதி. வலைப்பக்கத்தின் அமைப்பை எழுதும் எச்டிஎம்எல் கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால் ஒரு வாரம் அதற்கு ஒதுக்கிவிட்டு வாருங்கள்.

1. புத்தகத்தின் வயதைப் பாருங்கள்

மாவட்ட மைய நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ கையில் கிடைப்பதை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். இந்த மொழிக்கு வயது முக்கியம். 1995 மே மாதம் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். 1997இல் மொழியின் விதிகளை வரையறுக்கும் எக்மா தரநிலை வந்தது. 2009இல் அந்தத் தரநிலையின் ஐந்தாம் பதிப்பு. 2015இல் வந்த ஆறாம் பதிப்புதான் பெரிய திருப்பம். இன்று எல்லோரும் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் அதிலிருந்துதான் தொடங்குகிறது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஜூன் மாத வாக்கில் சிறுசிறு சேர்க்கைகளோடு ஒரு பதிப்பு வருகிறது.

சோதிப்பது சுலபம். நடுப்பக்கங்களைப் புரட்டி => என்ற அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 2015க்கு முந்தைய புத்தகம், வைத்துவிடுங்கள். ?. மற்றும் ?? என்ற குறிகள் இருந்தால் 2020 வரை வந்த சேர்க்கைகளும் அதில் உண்டு; தாராளமாக வாங்கலாம். இரண்டுக்கும் இடைப்பட்டது கிடைத்தால், அசிங்க், அவைட் (async, await) என்ற இரண்டு சொற்களும் பொருளடக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை 2017இல் வந்தவை.

அப்புறம், கடைக்காரர் ஜாவா புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அது வேறு மொழி. பெயர் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

2. எதைப் படிப்பது, எதைத் தள்ளிவைப்பது

முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிக்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் ரெகுலர் எக்ஸ்பிரஷன் அத்தியாயத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்படிப் படிப்பதற்காக இந்த வகைப் புத்தகங்கள் எழுதப்படவில்லை. முதல் நாள் நிரல் எதுவும் எழுத வேண்டாம். பென்சிலை எடுத்துக்கொண்டு பொருளடக்கத்தில் உட்காருங்கள்.

கட்டாயம் வரிசையாகப் படிக்க வேண்டியவை இவை: மதிப்புகளும் வகைகளும், மாறிகள், ஆபரேட்டர்கள், இஃப் மற்றும் லூப், ஆப்ஜெக்ட், அரே, ஃபங்க்ஷன். அதற்குப் பிறகு கிளாஸ், மாட்யூல், கடைசியாகப் பிராமிஸும் அசிங்க்கும். பிரவுசர் பற்றிய பெரிய அத்தியாயத்தில் டாம் (பக்கத்தை நிரலால் மாற்றுவது), ஈவென்ட் (சொடுக்கு போன்ற நிகழ்வுகள்), ஃபெட்ச் (வெளியிலிருந்து தகவல் எடுப்பது), லோக்கல் ஸ்டோரேஜ் (பிரவுசரிலேயே சேமிப்பது) நான்கும் போதும்.

ப்ராக்ஸி, ரிஃப்ளெக்ட், டைப்டு அரே, பிட் கணக்குகள், கேன்வாஸில் படம் வரைவது, இட்டரேட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு "பிறகு" என்று எழுதிவிடுங்கள். வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆனவர்களிலேயே இவற்றைத் தொடாதவர்கள் பலர் இருக்கிறார்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் முதல் சில பக்கங்கள் மட்டும் படித்தால் போதும். இப்படிக் கழித்துப் பார்த்தால் ஆயிரம் பக்கம் நானூறாகச் சுருங்கும். பயமும் அந்த அளவுக்குக் குறையும்.

3. கருவி

பிரவுசரே போதும். குரோமோ ஃபயர்பாக்ஸோ திறந்து எஃப்12 அழுத்தினால் வரும் பெட்டியில் கன்சோல் என்ற பகுதி இருக்கும், அங்கேயே ஜாவாஸ்கிரிப்ட் ஓடும். கல்லூரி லேபில் எதையும் நிறுவ அனுமதி இல்லை என்றாலும் இது இருக்கும். கோப்பாக எழுதிச் சேமிக்க விஎஸ் கோட் என்ற எடிட்டர் இலவசம். பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் இப்போதைக்கு வேண்டாம்.

போனில் கற்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். படிக்கலாம், பழக முடியாது. போன் பிரவுசரில் கன்சோல் கிடையாது. அடைப்புக்குறியைத் தேடியே பாதி நேரம் போய்விடும். பஸ்ஸில் வரும்போது அடுத்த பகுதியைப் படித்துவைத்துக்கொண்டு, லேப்டாப் கிடைக்கும் நேரத்தைத் தட்டச்சுக்கு மட்டும் செலவிடுங்கள். நேரப் பங்கீடு இப்படி இருந்தால் தினம் ஒரு மணி நேர லேப்டாப்பே தாராளம்.

4. ஒரு பக்கத்தைப் படிக்கும் முறை

இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். எடுத்துக்காட்டு நிரலைப் பார்த்தவுடன் ஓட்டாதீர்கள். என்ன விடை வரும் என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு கையால் தட்டச்சு செய்து ஓட்டுங்கள். நகலெடுத்து ஒட்டக் கூடாது. நீங்கள் எழுதியதும் கன்சோல் காட்டுவதும் வேறுபட்டால் அன்றைய பாடம் அதுதான். சரியாக வந்துவிட்டால் ஒரு எழுத்தை மாற்றிக் கெடுத்துப் பாருங்கள்.

சில உதாரணங்கள் தருகிறேன். கன்சோலில் "5" - 3 என்று அடியுங்கள். 2 வரும். இப்போது "5" + 3 என்று அடியுங்கள். 8 வராது, "53" வரும். மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துச் சரத்தில் (ஸ்ட்ரிங்) கழித்தலுக்கு வேலை இல்லை, அதனால் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கூட்டல் குறிக்கு இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், சரங்களை ஒட்டும். ஒரு பக்கம் சரமாக இருந்தால் ஒட்டுவதையே அது தேர்ந்தெடுக்கும். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு ஒரு சின்ன பில் போடும் பக்கம் எழுதினீர்கள் என்று வையுங்கள். படிவத்தில் சரக்குத் தொகை 450 என்றும் வண்டி வாடகை 50 என்றும் ஒருவர் நிரப்புகிறார். மொத்தம் 45050 என்று வந்து நிற்கும். படிவத்திலிருந்து வரும் மதிப்பு எப்போதும் சரம்தான். நம்பர் என்ற ஃபங்க்ஷன் கொண்டு எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும்.

அடுத்து 0.1 + 0.2. விடை 0.30000000000000004. இது ஜாவாஸ்கிரிப்ட்டின் குறை அல்ல. கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளில் வைத்துக்கொள்ளும் ஐஇஇஇ 754 முறையில் 0.1 என்பதற்குத் துல்லியமான வடிவமே கிடையாது. பைத்தானில் அடித்தாலும் இதேதான் வரும். பணக் கணக்கு போடும்போது ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

மூன்றாவது, சார்ட். 8, 12, 100 என்று மூன்று விலைகளை ஒரு அரேயில் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால் 100, 12, 8 என்று தரும். தனியாக எதுவும் சொல்லாவிட்டால் சார்ட் எல்லாவற்றையும் சரமாக மாற்றித்தான் ஒப்பிடும். "1" என்பது "8"க்கு முன்னால் வருவதால் இந்த வரிசை. எண்களை ஒப்பிட ஒரு ஃபங்க்ஷன் எழுதிக் கொடுக்க வேண்டும். குறிப்பு நூலில் சார்ட் பகுதியின் தொடக்கத்திலேயே இது இருக்கும். வீடியோ பார்த்துக் கற்றவர்கள் தடுமாறும் இடங்களில் இதுவும் ஒன்று.

தேதியிலும் ஒரு பள்ளம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்த 2004 பிப்ரவரி 9ஐ உருவாக்கிப் பாருங்கள். நியூ டேட் (new Date) என்பதற்குள் 2004, 2, 9 என்று கொடுத்தால் மார்ச் 9 வரும். மாதங்களை 0 முதல் எண்ணுவதால் பிப்ரவரிக்கு 1 தர வேண்டும். ஆனால் நாள் மட்டும் 1இல் தொடங்குகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை? தேதிப் பகுதியை 1995இல் ஜாவாவிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார்கள், அங்கே இருந்தது இங்கேயும் வந்துவிட்டது. இதையே "2004-02-09" என்று சரமாகக் கொடுத்தால் மாதம் சரியாக இருக்கும். ஆனால் அதை உலகப் பொது நேரத்து நள்ளிரவாக எடுத்துக்கொள்வதால் நம் ஊர்க் கணினி காலை 5:30 என்று காட்டும்.

இத்தனை விசித்திரங்களையும் ஏன் திருத்தாமல் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். திருத்தினால் இருபத்தைந்து வருடத்துக்கு முன் எழுதிய வலைப்பக்கம் எங்காவது உடைந்துபோகும். பழையதை உடைக்காமல் புதியதைச் சேர்ப்பதுதான் இந்த மொழியின் வழக்கம். அதனால்தான் மாறியை அறிவிக்க வார், லெட், கான்ஸ்ட் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. நீங்கள் கான்ஸ்ட்டும் லெட்டும் எழுதுங்கள். வார் எழுதப்பட்ட நிரலைப் படிக்க மட்டும் தெரிந்திருந்தால் போதும். அதே மாதிரி இரண்டு மதிப்புகளை ஒப்பிட == வேண்டாம், === பழகுங்கள்.

5. ஆங்கிலப் புத்தகம், தமிழ்வழிப் படிப்பு

பெரிய குறிப்பு நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பயப்பட வேண்டாம், இவற்றின் ஆங்கிலம் நாவல் ஆங்கிலம் அல்ல. சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு பகுதியிலும் நிரலை முதலில் படியுங்கள், பத்தியை அடுத்துப் படியுங்கள். நிரல் புரிந்தால் பத்தி பாதி புரிந்துவிடும். ஒரு பகுதி முடிந்ததும் நோட்டில் தமிழில் மூன்று நான்கு வரி எழுதுங்கள்: இது என்ன செய்கிறது, எப்போது ஏமாற்றும். அடிப்படையைத் தமிழிலேயே ஒருமுறை படித்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்குக் கணியம் தளத்தில் கணினி நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

தமிழ் தட்டச்சு தெரிந்தால் மாறிகளுக்கு மொத்தம், வாடகை, கூலி என்று தமிழிலேயே பெயர் வைத்துப் பழகலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும். அலுவலகத்தில் யாரும் அப்படி எழுதமாட்டார்கள், ஆனால் கற்கும்போது எது மொழியின் சொல், எது நீங்கள் வைத்த பெயர் என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தமிழோடு வேலை செய்யப்போகிறவர்கள் சரங்கள் பற்றிய அத்தியாயத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். "தருமபுரி" என்ற சரத்தின் நீளத்தைக் கேளுங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. லென்த் 8 என்று சொல்லும். ரு, பு, ரி மூன்றிலும் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என்று இரண்டிரண்டாக எண்ணுகிறது. "தர்மபுரி" என்று எழுதினாலும் புள்ளி தனியாக எண்ணப்படுவதால் அதே 8தான். "கிருஷ்ணகிரி" 11. ஐந்து என்ற விடை வேண்டுமானால் பல மொழிகளுக்கான இன்டல் (Intl) பகுதியில் உள்ள செக்மென்டர் வேண்டும். பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்தினாலும் இதே சிக்கல்: மலை, மழை, மறை என்ற மூன்றையும் சாதாரண சார்ட்டிடம் கொடுத்தால் மறையை முதலில் வைக்கும், ஏனென்றால் யூனிகோடு பட்டியலில் ற என்பது ல, ழ இரண்டுக்கும் முன்னால் இருக்கிறது. தமிழ் அகர வரிசை வேண்டுமென்றால் லோக்கேல் கம்பேர் பயன்படுத்துங்கள். ஒரு லட்சத்தை 1,00,000 என்று நம் முறையில் கமா போட்டுக் காட்டவும் அந்த அத்தியாயத்திலேயே வழி இருக்கிறது. மொத்தப் புத்தகத்தில் நான்கைந்து பக்கம்தான், ஆனால் நம்மவர்களுக்கு அவை விலைமதிப்புள்ள பக்கங்கள்.

6. நின்று படிக்க வேண்டிய இரண்டு அத்தியாயங்கள்

மற்றவை எல்லாம் வேகமாகப் போகும். குளோஷரும் (ஃபங்க்ஷன் தனக்கு வெளியே உள்ள மாறியைப் பிடித்துவைப்பது) அசிங்க்கும் (காத்திருக்க வேண்டிய வேலைகளைக் கையாள்வது) போகாது. அவசரப்படாமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுங்கள்.

குளோஷருக்கு ஒரு சோதனை. 0 முதல் 2 வரை ஓடும் ஃபார் லூப்புக்குள் செட் டைம் அவுட் வைத்து, கொஞ்ச நேரம் கழித்து அந்த எண்ணை அச்சிடச் சொல்லுங்கள். லூப் மாறியை வார் கொண்டு அறிவித்தால் 3, 3, 3 வரும். லெட் என்று மாற்றினால் 0, 1, 2 வரும். வார் போட்டால் மூன்று ஃபங்க்ஷன்களும் ஒரே மாறியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவை ஓடும் நேரத்துக்குள் லூப் முடிந்து அது 3 ஆகிவிட்டது. லெட் போட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனி மாறி. ஃபங்க்ஷன் மதிப்பைப் பிடித்துவைப்பதில்லை, மாறியைப் பிடித்துவைக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்ல முடிந்தால் குளோஷர் பிடிபட்டுவிட்டது.

அசிங்க்கில் குழப்பம் வருவதற்குக் காரணம், நிரல் எழுதிய வரிசையில் ஓடாதது. பட்டுக்கூடு ஏலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏலம் விடுபவர் ஒருவர். எடைக்கு அனுப்பிய கூடு திரும்பி வந்துவிட்டாலும், கையில் இருக்கும் ஏலம் முடியும்வரை அது வரிசையில்தான் நிற்கும். ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். டைமரும் நெட்வொர்க்கும் பிரவுசர் பார்த்துக்கொள்ளும் வெளிவேலைகள். இப்போது இதை அடியுங்கள்: முதலில் 1 அச்சிடு, பூஜ்யம் நொடி டைமரில் 2 அச்சிடு, நிறைவேறிய ஒரு பிராமிஸின் (பிறகு வரப்போகும் விடைக்கான பொருள்) தென் (then) பகுதியில் 3 அச்சிடு, கடைசியில் 4 அச்சிடு. வருவது 1, 4, 3, 2. நேரடி வரிகள் முதலில் முடியும். பிறகு பிராமிஸ்களின் வரிசை, அது முழுதும் காலியான பிறகுதான் டைமரின் முறை. டைமருக்குப் பூஜ்யம் கொடுத்தாலும் அது காத்திருக்கத்தான் வேண்டும். நேர்காணலில் இந்த நான்கு வரியை எண்களை மாற்றி மாற்றிக் கேட்பார்கள்.

திஸ் என்ற சொல்லைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். ஃபங்க்ஷன் எப்படி அழைக்கப்படுகிறது என்பதை வைத்து அதன் மதிப்பு மாறும், அம்பு ஃபங்க்ஷனுக்குச் சொந்தமாகத் திஸ் கிடையாது. முதல் சுற்றுக்கு இவ்வளவு போதும்.

7. ஊர்ச் சரக்கில் ஒரு செயலி

டு டூ பட்டியல் வேண்டாம். அதை எல்லோரும் செய்கிறார்கள், விடையும் எங்கும் கிடைக்கும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ நிஜமாக நடக்கும் ஒரு கணக்கை எடுங்கள்: மண்டிக்குப் போகும் தக்காளி, கூழ் தொழிற்சாலைக்குப் போகும் மாம்பழம், உதிர்த்து விற்கும் புளி, ஆவினுக்கு ஊற்றும் பால். மண்டிக் கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். பெட்டி எத்தனை, பெட்டிக்கு என்ன விலை, கமிஷன் எவ்வளவு சதவீதம், வண்டி வாடகை, ஏற்று கூலி. எல்லாம் போக கைக்கு வருவது என்ன? இதுதான் செயலி.

முதல் கட்டத்தில் கன்சோலில் ஒரு ஃபங்க்ஷன் மட்டும். இரண்டாவதில் படிவம், பட்டன், விடையைப் பக்கத்தில் காட்டுவது. இதற்கு டாம், ஈவென்ட் அத்தியாயங்கள். மூன்றாவதில் ஒவ்வொரு நாள் கணக்கையும் ஆப்ஜெக்ட்டாக்கி அரேயில் சேர்த்து, மேப், ஃபில்டர், ரெடியூஸ் கொண்டு மாத மொத்தம் எடுப்பது. நான்காவதில் லோக்கல் ஸ்டோரேஜில் சேமிப்பது. அது சரத்தை மட்டுமே வாங்கிக்கொள்ளும், அதனால் ஜேசான் (JSON) என்ற எழுத்து வடிவமாக மாற்றிப் போட்டு, எடுக்கும்போது திரும்ப மாற்ற வேண்டும். இதை மறந்தால் சேமித்த பட்டியலுக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட் என்று ஏதோ வந்து நிற்கும்.

ஐந்தாம் கட்டத்தில் நிரலை மாட்யூல்களாகப் பிரிப்பீர்கள், விலைப் பட்டியலை வேறு கோப்பிலிருந்து ஃபெட்ச் செய்வீர்கள். அங்கே பலர் நின்றுபோகிறார்கள். கோப்பை மவுஸால் இருமுறை சொடுக்கித் திறந்தால் மாட்யூலும் ஓடாது, ஃபெட்ச்சும் ஓடாது. பிரவுசர் பாதுகாப்புக்காகத் தடுத்துவிடும். கன்சோலில் சிவப்பு எழுத்து வரும், நிரலில் தவறு என்று நினைத்து ஒரு நாளை வீணாக்காதீர்கள். விஎஸ் கோடில் லைவ் சர்வர் என்ற நீட்சியைப் போட்டு அதன் வழியாகத் திறந்தால் சரியாகிவிடும்.

முடித்ததும் வீட்டில் அந்தக் கணக்கைப் போடுபவரிடம் கொடுங்கள். "என்னப்பா இது, கழிவுப் பெட்டியை எங்க எழுதறது?" என்று அப்பா கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் புத்தகத்தைப் புரட்டும்போதுதான் குறிப்பு நூல் எதற்கு என்று தெரியும்.

8. சொல்லடைவும் எம்டிஎன் தளமும்

ஐந்தாம் கட்டத்துக்கு வந்த பிறகு படிக்கும் திசை மாற வேண்டும். இனி அத்தியாயத்தைத் திறந்து படிக்காதீர்கள். சிக்கல் வந்ததும் கடைசிப் பக்கங்களில் இருக்கும் சொல்லடைவைத் திறந்து, தேவையான பக்கத்துக்குப் போய், அந்தப் பகுதியை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள். அரையில் விடாதீர்கள், நீங்கள் தேடாத எச்சரிக்கை ஒன்று அடுத்த பத்தியில் இருக்கும்.

புத்தகம் அச்சான பிறகு வந்தவற்றுக்கு எம்டிஎன் (MDN) என்ற வலை ஆவணத் தளம் இருக்கிறது, இலவசம். எந்த வசதி எந்த பிரவுசரில் எப்போதிலிருந்து ஓடுகிறது என்ற அட்டவணையும் அதில் கிடைக்கும். டெவ்டாக்ஸ் தளத்தில் இதே ஆவணங்களை ஆஃப்லைனுக்கு இறக்கிக்கொள்ளலாம். நெட் இழுக்கும் ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஏஐ உதவியாளரிடம் விளக்கம் கேட்பதிலும் தப்பில்லை, ஆனால் அது சொன்ன விடையைக் கன்சோலில் ஓட்டிப் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள்.

செயலியின் திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட்டை எப்போது கற்பது என்ற கேள்வி இந்த இடத்தில் வரும். மண்டிக் கணக்கைப் புத்தகம் திறக்காமல் வெறும் கோப்பிலிருந்து இன்னொரு முறை எழுத முடிந்தால் இப்போதே. முடியாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

9. பென்சில் கோடு போட்டவை, புதிய பதிப்பு

தினம் ஒரு மணி நேரம் என்றால் கட்டாயப் பகுதிகளுக்கு மூன்று நான்கு மாதம் ஆகும். தேர்வு, கல்யாணம், திருவிழா என்று இடையில் விட்டுப்போனால் விட்ட பக்கத்தில் தொடங்காமல், முந்தைய அத்தியாயத்தின் நோட்டைப் படித்து இரண்டு எடுத்துக்காட்டை மறுபடி அடித்துவிட்டுத் தொடருங்கள். "பிறகு" என்று எழுதிவைத்தவற்றில் முதலில் எடுக்க வேண்டியது இட்டரேட்டரும் ஜெனரேட்டரும், அடுத்து ரெகுலர் எக்ஸ்பிரஷன். ப்ராக்ஸியை வேலையில் தேவை வரும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தால் காசு செலவழித்து வாங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மொழியில் சேர்வது ஒரு சில வசதிகள்தான். அந்த வருடத்துப் பட்டியலை எம்டிஎன்னில் பார்த்து, ஒரு தாளில் எழுதி, உரிய அத்தியாயத்தில் செருகிவைத்தால் போதும். கையில் இருப்பது 2015க்கு முந்தையதாக இருந்தால் மட்டும் அந்தப் பணத்தைச் செலவழியுங்கள்.